பதினொன்று கழற்றினேன்

தண்ணிப் பம்பிலிருந்து
மூன்று நாளாய்ச் சொட்டியது பச்சை.
கெப் நின்ற இடமெல்லாம் நாணயமளவு ஈரம்.
ஐஸ் இறக்கப் போன இடத்தில், உப்புவெளியில்,
ஹோட்டல் காவலாளி குனிந்து பார்த்து
"அக்கா, உங்கட ஐஸ் உருகுது" என்றான்.
உருகியது ஐஸ் இல்லை, தம்பி.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஹயிலக்ஸ்.
விற்கச் சொல்லிக் கந்தளாயிலிருந்து ஒருவர்
மாதம் ஒருதரம் கோல் எடுப்பார்.
வயது போகப் போக அதன் விலை ஏறுகிறது.
என்னுடையது ஏறவில்லை.

புதுப் பம்பின் விலையைக் கேட்டேன்.
திரும்பவும் கேட்டேன்,
காது பிழையென்றால் நல்லதென்று.
பிழை இல்லை.
கராஜ் கூலிக்கு மிச்சம் இல்லாமல்
ஞாயிறு விடிய
உட்துறைமுக வீதிக்குப் பின்னால், எங்கள் வேலியோரம்,
நானே பொனற்றைத் திறந்தேன்.

பால்மாப் பெட்டி மட்டையில் பம்பைக் கீறி
கழற்றக் கழற்ற ஒவ்வொரு போல்ட்டையும்
அதனதன் இடத்தில் குத்தி வைத்தேன்.
நீளம் நாலு விதம்;
மாறிப் பூட்டினால் வார்ப்பு வெடிக்கும்.
பதினொன்று. இரண்டு தரம் எண்ணினேன்.

கடைசி ஒன்று வரமாட்டேன் என்றது.
முப்பது வருட உப்புக்காற்றின் பிடிவாதம்.
மண்ணெண்ணெய் விட்டேன், தட்டினேன், ஏசினேன்,
பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து
ஏதும் நடக்காததுபோல் தொட்டேன்.
இளகியது.
இதை யாருக்கும் விளக்க முடியாது.

டோர்ச் பிடித்தவர் தவசீலன்,
சீனன்குடா மாவாலையில் இரவு வேலை முடித்து
புருவத்தில் மாவோடு வந்தவர்.
"நேர பிடியுங்கோ" என்றால்
வெளிச்சம் ரேடியேற்றருக்குப் போகும்,
பிறகு மதிலுக்கு,
பிறகு தன் கால் பெருவிரலுக்கு.
நின்றபடியே நித்திரை.

என் தலை பொனற்றுக்குள் இருந்தது.
பின்னால் ஏதோ மெல்லும் சத்தம்.

மான்.
திருகோணமலையில் மான் வந்தது என்றால்
ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்;
கச்சான் சரையும் எலெக்சன் போஸ்டரும்
தின்று வளர்ந்த மான்கள்.
இது என் வரைபடத்தைத் தின்றது.
மேல்பாதி போய்விட்டது. கீழ்ப்பாதி வாயில் தொங்கியது.
போல்ட்டுகளை மட்டும்
நாவல் கொட்டை துப்புகிற நிதானத்தோடு
மண்ணில் விட்டிருந்தது.

கத்தினேன். தவசீலன் விழித்து
மானின் முகத்துக்கு டோர்ச் அடித்தார்.
அன்று அவர் நேராகப் பிடித்தது அது ஒன்றைத்தான்.

முழங்காலில் நின்று துழாவினோம்.
அவர் போய் அரிதட்டை எடுத்து வந்தார்,
புட்டுமா அரிக்கிற என் அரிதட்டை.
ஒன்றும் சொல்லவில்லை நான்.
ஓட்டுத்துண்டு, சிப்பி, சோடா மூடி,
ஒரு பித்தளைப் பொத்தான்.
அதை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு
வேலிக்கு அப்பால் எறிந்தார்.
பிறகு போல்ட்டுகள்: ஆறு, ஒன்பது, பதினொன்று,
பன்னிரண்டு.

பன்னிரண்டாவது எங்களது அல்ல.
பெருவிரல் தடிப்பு. புரி வேறு மாதிரி.
என் ஸ்பானர் ஒன்றுக்கும் அதன் தலை அடங்கவில்லை.
எந்தக் கப்பலோ, எந்தப் பாரந்தூக்கியோ,
எங்களுக்கு முந்தி இந்த மண்ணில் எதையோ கழற்றினவன்
ஒன்று குறையப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

எது எங்கே என்பதை
விரல் கொஞ்சம் நினைவு வைத்திருந்தது.
மிச்சத்தை, ஓட்டைக்குள் விட்ட ஈர்க்கு
அளந்து சொன்னது.
குறுக்காகக் குறுக்காக இறுக்கினேன்.

மத்தியானம் இரண்டு மணி. திறப்பைத் திருப்ப
இருமி, புகைத்து, பிடித்துக்கொண்டது.
அடியில் வெள்ளைச் சீலைத்துண்டு விரித்து
அரை மணித்தியாலம் இருவரும் குந்தியிருந்து
அதையே பார்த்தோம்.
அவர் நித்திரை கொள்ளவில்லை.

துளி விழவில்லை.

தடித்த போல்ட் இப்போது டாஷ்போர்டுக்குள் கிடக்கிறது.
பள்ளத்தில் விழுந்தால் கடகடக்கும்.
"அக்கா, ஏதோ கழண்டு ஆடுது" என்கிறான் காவலாளி.
அது எங்கட இல்லை, தம்பி.
ஐஸைப் பிடி.